டாலி கப்பல் பால்டிமோர் பாலத்தில் மோதியது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 மார்ச் 26 அதிகாலையில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு கன்டெய்னர் கப்பல் மோதி, பெரிய பாலம் ஒன்று நொடிகளில் சரிந்தது. அந்தக் காணொளியைப் பார்க்காதவர்கள் குறைவு. பார்த்தவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் தன் விசாரணை முடிவை அறிவித்த பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. ‘ஒரே ஒரு ஒயராமே?’ என்று ஒன்று கூடியதுதான் மிச்சம். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வருபவை எளிதாகப் புரியும்.

மொதல்ல என்னதான் நடந்துச்சு? சுருக்கமா சொல்லுங்க.

டாலி என்பது சிங்கப்பூர்க் கொடியுடன் ஓடும், சுமார் 300 மீட்டர் நீளமுள்ள கப்பல். 2015-இல் தென்கொரியாவின் ஹூண்டாய் தளத்தில் கட்டப்பட்டது. அன்று ஏறத்தாழ 4,700 கன்டெய்னர்களுடன் பால்டிமோரிலிருந்து கொழும்புக்குக் கிளம்பியது. நள்ளிரவு தாண்டித் துறையை விட்டு, படாப்ஸ்கோ ஆற்றுக் கால்வாய் வழியாகக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அதிகாலை 1.25 மணிவாக்கில், பாலத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான தூரத்தில், கப்பல் முழுக்க விளக்குகள் அணைந்தன. இன்ஜின் நின்றது. மின்சாரம் திரும்பியது, மறுபடி போனது, மறுபடி வந்தது. இன்ஜின் மட்டும் வரவில்லை. கப்பல் வலப்பக்கமாகத் திரும்பி, 1.29-க்குப் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் 17-ஆம் எண் தூணில் மோதியது. மேலே சாலைப் பள்ளங்களைச் சரிசெய்துகொண்டிருந்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். மொத்தமே நான்கு நிமிடம்தான்.

கரண்ட் போனா கப்பல் நிக்க வேண்டியதுதானே? எதுக்குப் போய்ப் பாலத்துல இடிக்கணும்?

கப்பலுக்கு பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் புரொப்பல்லரை எதிர்த்திசையில் சுற்றவைக்க வேண்டும். அதற்கு இன்ஜின் வேண்டும். இன்ஜின் நின்றுவிட்டால், அதுவரை இருந்த வேகத்திலேயே தண்ணீரை அறுத்துக்கொண்டு போகும். ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எடை அவ்வளவு லேசில் ஓயாது.

சுக்கானும் ஏறக்குறைய பயனற்றுப் போய்விடும், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. புரொப்பல்லர் பின்னால் தள்ளும் நீரோட்டம் சுக்கான் பலகையில் வேகமாக அடிப்பதால்தான் கப்பல் சுறுசுறுப்பாகத் திரும்புகிறது. அந்த ஓட்டம் நின்ற பிறகு, கப்பல் நகர்வதால் கிடைக்கும் நீர்வேகம் மட்டுமே மிச்சம். டாலிக்கு இருந்ததோ ஒரே புரொப்பல்லர், ஒரே சுக்கான். அந்த அளவுள்ள சரக்குக் கப்பல்களில் இதுதான் வழக்கம்.

கப்பல் இன்ஜின் எண்ணெய்லதானே ஓடுது? அதுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பிரதான இன்ஜின் எண்ணெயில்தான் ஓடுகிறது, ஆனால் தனியாக ஓட முடியாது. அதைக் குளிர்விக்கும் தண்ணீரையும், மசகு எண்ணெயையும், எரிபொருளையும் தள்ளுவது மின்சார பம்புகள். அந்தப் பம்புகளுக்கு மின்சாரம் தருவது தனியாக நிற்கும் டீசல் ஜெனரேட்டர்கள். டாலியில் நான்கு ஜெனரேட்டர்கள் இருந்தன. அவை 6,600 வோல்ட்டில் மின்சாரம் எடுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் அதை 440 வோல்ட்டாக இறக்கிப் பம்புகளுக்கும் விளக்குகளுக்கும் அனுப்பும்.

அன்று டிரான்ஸ்ஃபார்மரின் பிரேக்கர்கள் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகள்) திறந்துகொண்டதும் 440 வோல்ட் பக்கம் முழுதும் செத்தது. குளிர்நீர்ப் பம்பு நின்று அழுத்தம் இறங்கியவுடன், இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே நின்றுவிட்டது. சூடேறிப் பாழாகக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. நடுக்கடலில் அது நல்ல ஏற்பாடுதான். பாலத்துக்கு மூன்று கப்பல் நீளம் தள்ளி நிற்கும்போது, இன்ஜின் கெட்டாலும் பரவாயில்லை, இரண்டு நிமிடம் ஓடினால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இயந்திரத்துக்கு அது தெரியாது.

எமர்ஜென்சி ஜெனரேட்டர்னு ஒண்ணு இருக்குமே?

இருந்தது. பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு விதிப்படி, மின்சாரம் போன 45 நொடிக்குள் அது வேலைக்கு வந்துவிட வேண்டும். ஆனால் அதன் வேலை கப்பலை ஓட்டுவதல்ல. அவசர விளக்குகள், வானொலி, திசை காட்டும் கருவிகள், சுக்கானைத் திருப்பும் பம்புகளில் ஒன்று ஆகியவற்றுக்குத்தான் அதன் சக்தி போதும். பிரதான இன்ஜினைத் திரும்பக் கிளப்பும் அளவுக்கு அது பெரியதல்ல. எனவே சுக்கான் அசையும், ஆனால் மேலே சொன்னபடி அதற்குப் பிடி இருக்காது.

நங்கூரத்தைப் போட்டிருந்தா நின்னிருக்குமே?

போடச் சொன்னார்கள், போடவும் முயன்றார்கள். கப்பலுக்கு வழிசொல்ல ஏறியிருந்த உள்ளூர் பைலட் இடப்பக்க நங்கூரத்தை இறக்க உத்தரவிட்டது பதிவாகியிருக்கிறது. நங்கூரம் என்பது நின்றுகொண்டிருக்கும் கப்பலை நகராமல் பிடித்துவைக்கத்தான். ஓடும் கப்பலில் போட்டால் அது அடிமண்ணை உழுதுகொண்டு வரும். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், முனையைக் கொஞ்சம் திருப்பும். சில நூறு மீட்டருக்குள் இந்த எடையை நிறுத்துவதற்கு அது போதாது.

ஒரே ஒரு ஒயர் லூஸா இருந்ததாலதான் எல்லாம்னு சொல்றாங்களே, நம்பலாமா?

நம்பலாம். ஆனால் ‘லூஸ்’ என்றதும் யாரோ திருகாணியை முறுக்க மறந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். அந்த ஒயர் போய்ச் சேரும் இணைப்புக் கட்டையில் ஸ்பிரிங் கவ்விதான் இருந்தது. ஒயர் நுனியை உள்ளே தள்ளினால் ஸ்பிரிங் கவ்விக்கொள்ள வேண்டும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் எண் பொறித்த சிறு பட்டை மாட்டியிருப்பார்கள். இந்த ஒயரில் அந்தப் பட்டை நுனிக்கு மிக அருகில் மாட்டப்பட்டிருந்ததால், நுனி முழுதாக உள்ளே போகவில்லை. பார்வைக்குச் சரியாகச் செருகியது போலத்தான் இருந்திருக்கும்.

டிரான்ஸ்ஃபார்மரின் பிரேக்கரை மூடிய நிலையில் வைத்திருக்கும் சைகை போவது அந்த ஒயர் வழியாக. மின்னழுத்தம் விழுந்தால் பிரேக்கர் திறந்துகொள்ள வேண்டும் என்ற பாதுகாப்பு அமைப்பின் பகுதி அது. தொடர்பு விட்டதும் அமைப்பு ‘அழுத்தம் விழுந்துவிட்டது’ என்று எடுத்துக்கொண்டு பிரேக்கரைத் திறந்தது.

இப்படிப்பட்ட கப்பலில் ஆயிரக்கணக்கான ஒயர்கள் ஓடும். இதைத் தேடியது ஈஃபிள் கோபுரத்தில் ஆட்டங்கண்ட ஓர் ஆணியைத் தேடுவது போன்றது என்று வாரியத் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டி சொன்னார். அதே நேரம், கண்ணுக்குத் தெரியாததாலேயே கண்டுபிடிக்க வழியே இல்லை என்று வாரியம் விட்டுவிடவில்லை. இணைப்புப் பெட்டிகளை வெப்பப்படக் கருவியால் சோதிக்கும் வழக்கம் இருந்திருந்தால் இத்தகைய இணைப்புகள் பிடிபட்டிருக்கக்கூடும் என்பது அதன் கருத்து.

கரண்ட் ரெண்டு தடவை போச்சுன்னாங்க. ரெண்டுக்கும் அதே ஒயர்தான் காரணமா?

இல்லை. இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க மாட்டார்கள். கேட்பவர் விஷயத்தைக் கூர்ந்து படித்தவர் என்று உடனே தெரிந்துவிடும். முதல் பிளாக்அவுட்டுக்கு ஒயர். ஒரு நிமிட அளவில் மாலுமிகள் பிரேக்கர்களைக் கையால் மூடி மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். பாலத்துக்கு 300 மீட்டர் சொச்சம் இருக்கும்போது ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்களே இணைப்பிலிருந்து கழன்றன. அதற்குக் காரணம் எரிபொருள் பம்பு.

ஜெனரேட்டர்களுக்கு எண்ணெய் தள்ளுவதற்கென்று முறையான பம்புகள் இருக்கின்றன. ஒன்று நின்றால் இன்னொன்று தானாகத் தொடங்கும். மின்சாரம் போய் வந்தாலும் தானாகக் கிளம்பும். டாலியில் அந்த வேலைக்கு, குழாய்களைக் கழுவிவிட வைத்திருக்கும் ஃபிளஷிங் பம்பு ஒன்றைப் பயன்படுத்தி வந்தார்கள். அது தானாகத் திரும்பக் கிளம்பாது. யாராவது போய் முடுக்க வேண்டும். முதல் பிளாக்அவுட்டில் அது நின்றது, நின்றபடியே இருந்தது. குழாயில் மிச்சமிருந்த எண்ணெய் தீர்ந்ததும் ஜெனரேட்டர்கள் தடுமாறின.

ஒயரைவிட எனக்கு இந்தப் பம்பு விவகாரம்தான் பெரிதாகத் தோன்றுகிறது. ஒயர், கட்டும்போது யாரோ செய்த கண்ணில் படாத பிழை. பம்போ தினமும் எல்லோர் கண் முன்னாலும் ஓடிக்கொண்டிருந்தது. அதே நிர்வாகத்தில் இருந்த செசான் என்ற சகோதரக் கப்பலிலும் இதே பழக்கம் இருந்ததாக வாரியம் கண்டது. நிர்வாக நிறுவனமான சினெர்ஜியின் மேற்பார்வை போதவில்லை என்று அறிக்கை சொல்வதன் அடிப்படை இதுதான்.

அப்போ ரெண்டாவது பிளாக்அவுட் இல்லைன்னா கப்பல் தப்பிச்சிருக்குமா?

முதல் தடவையிலேயே பிரதான இன்ஜின் போய்விட்டது என்பதை நினைவில் வையுங்கள். பெரிய கப்பலின் இன்ஜினை நின்ற நிலையிலிருந்து மறுபடி கிளப்பப் பம்புகள் வரிசையாக உயிர்பெற வேண்டும், அழுத்தம் ஏற வேண்டும். அந்த மூன்று நிமிடத்தில் அதற்கு இடம் குறைவு. இரண்டாவது பிளாக்அவுட் இருந்த கொஞ்ச வாய்ப்பையும் பறித்துக்கொண்டது.

இன்னொன்றும் உண்டு. டாலியில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருந்தன. ஒன்று போனால் மற்றொன்றுக்குத் தானாக மாறும்படி வைக்கலாம். ஆனால் அந்த மாற்றம் கையால் செய்யும் நிலையில் வைக்கப்பட்டிருந்தது. தானியங்கியில் இருந்திருந்தால் முதல் பிளாக்அவுட் சில நொடிகளில் முடிந்திருக்கும். இரண்டாவது தடவை மாலுமிகள் மாற்று டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறி அரை நிமிடத்தில் மின்சாரத்தை எடுத்தார்கள். இருட்டில், அலாரங்கள் அலறும்போது, அது மெச்சத்தக்க வேகம்.

முந்தின நாளே துறைமுகத்துல கரண்ட் போயிருக்காமே. தெரிஞ்சே எப்படிக் கிளம்பினாங்க?

கிளம்புவதற்குச் சுமார் பத்து மணி நேரம் முன்பு, துறையில் நிற்கும்போதே இரண்டு முறை மின்சாரம் போனது உண்மை. முதல் தடவை, பராமரிப்பு வேலையின்போது மாலுமி ஒருவர் புகைபோக்கி வழியின் மடலைத் தவறுதலாக மூடிவிட்டார். புகை வெளியேற வழியின்றி ஜெனரேட்டர் இன்ஜின் நின்றது. இரண்டாம் தடவை எரிபொருள் அழுத்தம் போதவில்லை. இவை ஒயர் பிரச்சினை அல்ல.

ஆனால் மறைமுகமாக ஒரு தொடர்பு இருக்கிறது. அந்த நிகழ்வுகளுக்குப் பிறகு, மாதக்கணக்கில் பயன்பாட்டிலிருந்த டிரான்ஸ்ஃபார்மரை விட்டு மற்றொன்றுக்கு மாற்றினார்கள். அந்த ஒயர் இருந்தது மாற்றிய பக்கத்தில். ஒரு கோளாறைக் கண்டு எச்சரிக்கையாக எடுத்த நடவடிக்கை, யாருக்கும் தெரியாத இன்னொரு கோளாறின் மடியில் கொண்டுபோய்விட்டது.

ஓட்டினது உள்ளூர் பைலட்டாமே. அப்போ கேப்டன் எதுக்கு?

துறைமுகக் கால்வாய்களில் அந்த ஊர் நீரோட்டமும் ஆழமும் தெரிந்த பைலட் ஏறி வழி சொல்வது உலகெங்கும் உள்ள நடைமுறை. டாலியில் மூத்த பைலட் ஒருவரும் பயிற்சிப் பைலட் ஒருவரும் இருந்தார்கள். பைலட் கட்டளை சொல்வார், மாலுமிகள் செய்வார்கள். கப்பலின் பொறுப்பு கேப்டனிடமே இருக்கும்.

பைலட்களையோ கேப்டனையோ வாரியம் குறைசொல்லவில்லை. அவர்கள் செய்தது சரியான நேரத்தில் செய்யப்பட்டது, ஆனால் பாலத்துக்கு அவ்வளவு அருகில் இன்ஜின் போன பிறகு எதுவும் பலிக்கவில்லை என்பதே முடிவு. காணொளியைப் பார்த்துவிட்டு ‘தூங்கிட்டாங்க’, ‘குடிச்சிருந்தாங்க’ என்று எழுதியவர்கள் இதையும் ஒருமுறை படிக்கலாம்.

இழுவைப் படகுகள் கூடவே வந்திருந்தா?

துறையிலிருந்து விலக்கிக் கால்வாயில் சேர்க்கும்வரை இரண்டு டக் படகுகள் உதவின. கால்வாயில் கப்பல் நேராக நின்றதும் அவை கழன்றன. பால்டிமோரில் அப்போது அதுதான் வழக்கம். மின்சாரம் போனதும் பைலட் டக் கேட்டார். ஒன்று திரும்பி ஓடிவந்தது, ஆனால் நேரம் போதவில்லை. பாலம் தாண்டும்வரை டக் கட்டியே வருவது நடைமுறையில் செய்யக்கூடியதுதான். செலவும் நேரமும் கூடும். கயிறு கட்டியிருந்தாலும் வேகமாகப் போகும் கப்பலை டக் திருப்புவது கடினம். ஆகவே கப்பலும் மெதுவாகப் போக வேண்டியிருக்கும்.

மெதுவாத்தானே வந்துச்சு. அதுக்கே பாலம் மொத்தமா விழுந்துடுச்சே, கட்டுமானம் மோசமா?

மோதும்போது வேகம் ஆறரை நாட் அளவில் இருந்தது. அதாவது மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர். சைக்கிளில் நிதானமாகப் போகும் வேகம். ஆனால் வருவது ஒரு லட்சம் டன். அந்த வேகத்தில் இருந்த எடையைத் தாங்குவதற்கென்று அந்தத் தூண் வடிவமைக்கப்படவில்லை.

பாலம் பராமரிப்பில் மோசமாக இருந்ததற்கான முடிவு எதுவும் இல்லை. 1977-இல் திறக்கப்பட்ட அது, எஃகுச் சட்டங்களைக் கோத்த ‘தொடர் டிரஸ்’ வகை. நடு இடைவெளி மட்டும் 366 மீட்டர். இந்த வகையில் ஒரு பகுதியின் எடையை மற்ற பகுதிகள் சமன்செய்து நிற்கும். அது சிக்கனமும் பலமும் தரும் வடிவம். ஆனால் ஒரு தூண் போனால் சுமையை வாங்கிக்கொள்ள வேறு வழி இல்லை. ஆகவே மோதாத பக்கமும் சேர்ந்து இழுபட்டு விழுந்தது.

தூணைச் சுத்தி ஒரு தடுப்பும் வைக்கலையா?

வைத்திருந்தார்கள், போதாது. தூண்களுக்கு அருகே நீரில் டால்ஃபின் எனப்படும் வட்டமான தடுப்புத் திண்டுகள் நான்கு இருந்தன. அவை சிறியவை, தூணைவிட்டு ஒதுங்கியும் இருந்தன. டாலி கோணலாக வந்ததால் திண்டைத் தொடாமலேயே தூணை அடைந்தது.

எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது. 1980-இல் புளூ நகோயா என்ற கப்பல் இதே பாலத்தில், இதேபோலக் கட்டுப்பாட்டை இழந்து மோதியது. சேதம் சிறிதுதான், பாலம் நின்றது. டாலி அதைப்போல் பத்து மடங்கு பெரியது. அதே 1980 மே மாதம் ஃபுளோரிடாவின் டாம்பா வளைகுடாவில் சம்மிட் வென்ச்சர் என்ற கப்பல் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் மோதி 35 பேர் இறந்தார்கள். அங்கே புதிய பாலத்தைப் பெரிய தடுப்புகளுடன் கட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் 1975-இல் லேக் இல்லவாரா கப்பல் டாஸ்மன் பாலத்தில் மோதி 12 பேர் இறந்ததும் இதற்குச் சற்று முன்புதான்.

இவற்றின் விளைவாக 1991-இல் அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம், ஒரு பாலம் கப்பல் மோதி விழும் அபாயத்தைக் கணக்கிடும் முறையை வெளியிட்டது. புதிய பாலங்களுக்கு அது கட்டாயமானது. பழையவற்றுக்குப் பரிந்துரை மட்டுமே. கீ பாலத்துக்கு அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. விபத்துக்குப் பிறகு வாரியம் போட்டது: முக்கியமான பாலங்களுக்கு ஏற்கத்தக்கது என்று வைத்த அளவைப்போல் அபாயம் கிட்டத்தட்ட 30 மடங்கு இருந்தது. பாலம் அதே இடத்தில் நிற்க, அடியில் போகும் கப்பல்கள் மட்டும் வளர்ந்துகொண்டே போயின. அந்தக் கணக்கைப் போட ஒரு பொறியாளர் குழுவும் கொஞ்சம் தரவும் போதும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது நடக்கவில்லை என்பதுதான் இந்தத் தொகுப்பிலேயே என்னை மிகவும் உறுத்துவது.

போலீஸ் வண்டிகளை நிறுத்திட்டாங்கன்னு சொன்னாங்க. அப்புறம் எப்படி ஆறு பேர் செத்தாங்க?

பைலட் தரப்பிலிருந்து போன அவசர அழைப்பு பாலப் போலீசுக்கு எட்டியது. இரு முனைகளிலும் நின்றிருந்த காவலர்கள் உடனே போக்குவரத்தை மறித்தார்கள். பகலில் ஆயிரக்கணக்கான வண்டிகள் போகும் பாலம் அது. அந்த ஒன்றரை நிமிடத்தில் பல உயிர்கள் தப்பின.

பாலத்தின் மேல் ஏழு சாலைப் பணியாளர்களும் ஓர் ஆய்வாளரும் இருந்தார்கள். இருவர் பிழைத்தார்கள், ஆறு பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் நாடுகளிலிருந்து வந்து உழைத்தவர்கள். அவர்களுக்குத் தகவல் போகவில்லை. காவலர்களுக்குச் சொன்ன அதே நேரத்தில் இவர்களுக்கும் சொல்லியிருந்தால், விழாத பகுதிக்கு வண்டியை ஓட்டிப்போக நேரம் கிடைத்திருக்கலாம் என்று வாரியம் சொல்கிறது. பாலத்தில் வேலை செய்பவர்களை நேரடியாக எச்சரிக்க ஒரு வழி அன்று இல்லை.

யாரோ ஹேக் பண்ணிட்டாங்க, சதின்னு வாட்சப்ல வந்துச்சே?

இல்லை. விபத்து நடந்த அன்றே அதிகாரிகள் அதற்கான அடையாளம் இல்லை என்றார்கள். பின்னர் வந்த விரிவான விசாரணை, மேலே சொன்ன ஒயரையும் பம்பையும் கைகாட்டியது.

கப்பல்ல இருந்தவங்க நம்ம நாட்டுக்காரங்களாமே. ஏன் மாசக்கணக்கா இறங்கவிடலை?

21 மாலுமிகளில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையைச் சேர்ந்தவர். ஒருவருக்குச் சிறு காயம். அவர்களைச் சிறைவைத்ததாக அப்போது பரவியது மிகைதான், ஆனால் நிலைமை சுகமானதும் அல்ல. கப்பல் முனையில் பாலத்தின் எஃகு கிடந்தது. ஆள் இல்லாமல் கப்பலை விட முடியாது: ஜெனரேட்டர் ஓட வேண்டும், தீ வந்தால் அணைக்க வேண்டும். விசா சிக்கலும் சேர்ந்தது. எஃப்.பி.ஐ. ஏப்ரலில் கப்பலேறிக் கைப்பேசிகளை எடுத்துக்கொண்டதால், வீட்டோடு பேசுவதும் வங்கிக் கணக்கைத் திறப்பதும்கூடச் சிரமமாயிற்று. மே 13 அன்று கப்பல்மேல் கிடந்த எஃகுச் சட்டத்தை வெடிவைத்து அறுத்தபோதும் அவர்கள் கப்பலுக்குள்ளேயே இருந்தார்கள்.

மே 20-இல் டாலியை மிதக்கவைத்துத் துறைக்கு இழுத்துவந்தார்கள். ஜூனில் அது நார்ஃபோக் துறைமுகத்துக்குப் போனபோது மாலுமிகளில் ஒரு பகுதியினர் ஊர் திரும்ப முடிந்தது. விசாரணைக்குத் தேவைப்பட்ட மற்றவர்கள் இன்னும் நீண்டகாலம் காத்திருந்தார்கள்.

கன்டெய்னர்ல ஆபத்தான சரக்கு இருந்துச்சா?

56 கன்டெய்னர்களில் அரிக்கும், எரியும் பொருள்கள், லித்தியம் பேட்டரிகள் என 764 டன் இருந்தது. சில பெட்டிகள் கிழிந்தன. எல்லாக் கன்டெய்னர் கப்பலிலும் இப்படிக் கொஞ்சம் போகும். முறையாக அறிவித்துத்தான் ஏற்றுவார்கள்.

துறைமுகம் எவ்வளவு நாள் மூடிக் கிடந்துச்சு?

முழுதாகத் திறக்க ஏறக்குறைய பதினொரு வாரம் ஆனது. முதலில் சிறு படகுகளுக்கு ஆழம் குறைந்த மாற்றுக் கால்வாய்களைத் திறந்தார்கள். சுமார் 50,000 டன் இடிபாடுகளை அள்ளிய பின், 2024 ஜூன் 10 அன்று 700 அடி அகலமும் 50 அடி ஆழமும் கொண்ட முழுக் கால்வாயும் திறந்தது. விபத்து நடந்தபோது கார் ஏற்றி இறக்குவதில் அமெரிக்காவின் முதன்மைத் துறைமுகமாக இருந்தது அது. அந்தக் கப்பல்களெல்லாம் வேறு ஊர்களுக்குத் திரும்பின. சாலைப் பக்கம் சிரமம் இன்னும் தீரவில்லை. துறைமுகத்துக்கு அடியில் இரண்டு சுரங்கச் சாலைகள் உண்டு, ஆனால் எரியும் சரக்கு ஏற்றிய லாரிகளுக்கு அவற்றில் அனுமதி இல்லை. அவை ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும்.

அறிக்கையே காரணத்தைச் சொல்லிடுச்சு. அப்புறம் கோர்ட்டு எதுக்கு?

வாரியத்தின் வேலை காரணம் கண்டு, மறுபடி நடக்காமல் இருக்கப் பரிந்துரை சொல்வது. யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அதன் வேலை அல்ல. இன்னும் சொன்னால், விபத்துக்கான காரணம் பற்றிய அதன் முடிவை இழப்பீட்டு வழக்கில் சான்றாக வைக்க அமெரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. கண்டெடுத்த உண்மைகள் வேறு, முடிவு வேறு. வழக்காடுபவர்கள் தங்கள் வாதத்தைத் தாங்களே நிறுவ வேண்டும்.

இவ்வளவு நஷ்டத்துக்கு 4 கோடி டாலர்தான் தருவேன்னு ஓனர் கேட்டாராமே, அது எப்படி?

உரிமையாளரான கிரேஸ் ஓஷனும் சினெர்ஜியும், தங்கள் பொறுப்பைச் சுமார் 4.37 கோடி டாலருக்குள் வரையறுக்கக் கேட்டு 2024 ஏப்ரலில் மனுப் போட்டார்கள். அதற்கு வழிசெய்வது 1851-ஆம் ஆண்டுச் சட்டம். விபத்துக்குப் பின் கப்பலின் மதிப்பும் அந்தப் பயணத்தின் வாடகையும் எவ்வளவோ, அதோடு உரிமையாளர் பொறுப்பு முடியும் என்கிறது அது. டைட்டானிக் உரிமையாளர்களும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

அதில் ஒரு கொக்கி உண்டு. கோளாறு உரிமையாளருக்குத் தெரிந்தே, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தது என்று நிறுவினால் இந்தப் பாதுகாப்பு உடையும். ஆகவேதான் பம்பு விவகாரம் வெறும் தொழில்நுட்பச் செய்தியாக நிற்பதில்லை: ஒயர் தெரியாது என்று சொல்லலாம், தினமும் ஓடிய பம்பு தெரியாது என்று சொல்வது கடினம். அமெரிக்க மத்திய அரசு மட்டும் தன் மீட்புச் செலவுக்காக 2024 அக்டோபரில் கிட்டத்தட்ட 10.2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பாலத்தின் விலை அதில் சேராது.

சரக்கு அனுப்பினவங்களும் பணம் கட்டணுமாமே? இது என்ன நியாயம்?

ஜெனரல் ஆவரேஜ் என்ற மிகப் பழைய கடல் வணிக விதி அது. கப்பலையும் சரக்கையும் பொதுவாகக் காப்பாற்ற ஆகும் அசாதாரணச் செலவை, கப்பலுக்குச் சொந்தக்காரரும் சரக்குக்குச் சொந்தக்காரர்களும் தத்தம் மதிப்புக்கு ஏற்பப் பகிர வேண்டும். டாலியின் உரிமையாளர் 2024 ஏப்ரலில் இதை அறிவித்தார். காப்பீடு எடுத்திருந்தவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதம் தரும். எடுக்காதவர் முன்பணம் கட்டினால்தான் பெட்டி கைக்கு வரும். பாலத்துக்கான இழப்பீடு இதில் சேராது, மீட்புச் செலவு மட்டுமே.

மத்த பாலங்களுக்கும் இப்படி நடக்குமா?

நடக்கலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் 2025 மார்ச்சில் வாரியம் 19 மாநிலங்களிலுள்ள 68 பாலங்களின் பட்டியலைக் கொடுத்தது. கோல்டன் கேட், புரூக்ளின் பாலங்களும் அதில் உண்டு. பட்டியலில் இருப்பதால் விழப்போகிறது என்று பொருளில்லை. 1991-க்கு முன் கட்டியவை, அடியில் பெருங்கப்பல் போகிறவை, மேலே சொன்ன கணக்கை அதுவரை போடாதவை என்பதே பொருள்.

புதுப் பாலம் எப்போ வரும்?

கேபிள் கட்டி நிறுத்தும் வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. தூண்களைக் கால்வாயிலிருந்து தள்ளிவைப்பதற்காக நடு இடைவெளி பழையதைவிடக் கூடுதல். நீருக்கு மேல் உயரமும் 185 அடியிலிருந்து 230 அடியாகிறது. தூண்களைச் சுற்றிப் பெரிய தடுப்புகள் வருகின்றன. முதலில் 170 முதல் 190 கோடி டாலர், 2028-இல் முடியும் என்றார்கள். 2025 நவம்பரில் மேரிலாந்து அரசு அதை 430 முதல் 520 கோடி டாலர், 2030 இறுதி என்று திருத்தியது. விலை ஏறியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் பொருள் விலையோடு அந்தத் தடுப்புகளும் இருக்கின்றன.